காக்ஸ் டவுன் மழை

இருபத்தாறு வருடமாக நான் பெங்களூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். பெயர் சிந்தியா. இந்த இருபத்தாறு வருடத்தில் என் கண்ணில் மண்ணைத் தூவிய மாணவி ஒருத்தியும் கிடையாது. ஊசல் ஆட்டத்துக்கு இருபது அளவு எடுக்கச் சொன்னால் இரண்டை எடுத்துவிட்டு, மீதிப் பதினெட்டை வீட்டில் உட்கார்ந்து சமைத்துக்கொண்டு வருவார்கள். எல்லாம் ஒரே நேர்கோட்டில் சமர்த்தாக நிற்கும். நிஜமான அளவுகளுக்கு அவ்வளவு ஒழுக்கம் ஏது? நோட்டைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். "எந்த அடுப்புல சமைச்ச?" என்று கேட்பேன். பாதிப் பேர் அங்கேயே அழுதுவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட நான் போன அக்டோபரில் இரண்டு லிட்டர் மழையைச் சமைத்தேன். மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எவ்வளவு மெனக்கெட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அந்த மெனக்கெடலில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. வெட்கம் அதைவிட அதிகம்.

சுனிதா என் பழைய மாணவி. மர்பி டவுன்காரி. அப்பா கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன், அம்மா வீட்டு வேலை. அந்தத் தெருவில் ஆராய்ச்சிப் படிப்பு வரை போன முதல் பெண் அவள்தான். ஜூன் மாதம் ஒரு நாள் ஆட்டோவில் பெரிய புனல், கண்ணாடி மழைமானி, இருபது லிட்டர் வெள்ளைக் கேன் என்று ஏற்றிக்கொண்டு காக்ஸ் டவுனில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள்.

"மிஸ், உங்க மாடி வேணும்."

"எதுக்கு?"

"மழை புடிக்க."

அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வானத்தின் மேல்மட்டத்துக் காற்றில் மோதி, பெரிலியம் ஏழு என்று ஒரு பொருளை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அது தூசியில் ஒட்டிக்கொண்டு மழையோடு கீழே இறங்கும். கொஞ்சமே கொஞ்சம் கதிரியக்கம் உள்ளது. ஐம்பத்து மூன்று நாளில் பாதியாகிவிடும், அடுத்த ஐம்பத்து மூன்று நாளில் அந்தப் பாதியும் பாதியாகும். தரையில் விழுந்ததும் மேல் மண்ணைப் பிடித்துக்கொண்டு விடாது. ஆற்றுச் சேற்றில் அது இருந்தால் அந்தச் சேறு இந்த மழைக்காலத்தில் அடித்துக்கொண்டு வந்தது. இல்லாவிட்டால் பழைய சேறு. அர்க்காவதி ஆற்றில் புது மண் எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்பதுதான் சுனிதாவின் ஆராய்ச்சி. அதற்கு முதலில் வானம் எவ்வளவு போட்டது என்ற கணக்கு வேண்டும். அதனால் ஊரெங்கும் பதினைந்து மொட்டை மாடிகளில் பதினைந்து கேன்கள்.

என் வீட்டுக்காரர் டேரில் கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"மாடியிலயா? முடி கிடி கொட்டிடுமா?"

"இருக்கறதே நாலு முடி. ஒரு வாழப்பழத்துல இருக்கற கதிரியக்கம் கூட ஒரு லிட்டர் மழையில கிடையாது. டெய்லி ரெண்டு சாப்பிடறீங்களே, கொட்டிச்சா?" என்றேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் வாழைப்பழத்தைத் தொடவில்லை.

வேலை சுலபம். மழை பெய்த மறுநாள் காலை எட்டரைக்கு மாடி ஏறி, மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும். கேனைக் குலுக்கி இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றில் நிரப்பி எண் போட வேண்டும். கேனைக் கழுவிப் புனலுக்குக் கீழே திரும்ப வைக்க வேண்டும். அப்புறம் 'மழைப் படை' என்ற வாட்ஸ்அப் குழுவில் போட்டோ. பதினைந்து பேரில் ஒரு மழையைக் கூடத் தவறவிடாதவள் நான் ஒருத்திதான். எங்களுக்குப் பக்கத்து மர்பி டவுனில் அலர்மேல்மங்கை என்று ஓர் அம்மாள். ஆபீஸ் உத்தியோகம். "அசந்து தூங்கிட்டேன், இன்னிக்கு விட்டுப்போச்சு, ஸாரி" என்று கூச்சமே இல்லாமல் குழுவில் எழுதுவாள். நான் உடனே என் பாட்டில் போட்டோவைப் போட்டு, கூடவே ஓர் அலாரம் கடிகாரப் படத்தையும் போடுவேன். சுனிதா அதற்கு நாலு இதயம் அனுப்புவாள். இந்த வயதில் அந்த நாலு இதயத்துக்காக நான் நனைந்துகொண்டு மாடி ஏறியது நிஜம்.

அக்டோபர் வந்தது. எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுகிற வீடுகளில் அக்டோபரிலேயே திராட்சை வந்து இறங்கிவிடும். டேரிலுக்கு வருஷத்தில் உருப்படியாகச் செய்ய வருவது அந்த ஒரு காரியம்தான். இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூர் நீலத் திராட்சை பத்து கிலோவை மசித்து, சர்க்கரை, பட்டை, கிராம்பு எல்லாம் சேர்த்துத் தயாராக வைத்திருந்தார். பீங்கான் ஜாடியைக் கழுவும்போது அது கை நழுவி இரண்டாகப் பிளந்தது. நான் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மனிதர் மாடிக்குப் போனார், வானத்தைப் பார்த்தார், ஒரு மேகம் கூட இல்லை. சுத்தமான, மூடி போடக்கூடிய, இருபது லிட்டர் கேன் ஒன்று புனலுக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருந்தது. வேறென்ன வேண்டும் அவருக்கு?

ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. நான் போர்வைக்குள் இருந்தபடியே, அலர்மேல்மங்கை நாளைக்கும் தூங்கிவிடுவாள் என்று நினைத்துச் சந்தோஷமாகப் புரண்டு படுத்தேன்.

காலையில் மாடி ஏறினால் மழைமானியில் எழுபத்தோரு மில்லிமீட்டர். அந்தப் பருவத்திலேயே பெரிய மழை. புனலுக்குக் கீழே வெறும் சிமென்ட் தரை. பெய்த அத்தனையும் புனல் வழியாக இறங்கி, தரையில் ஓடி, குழாய் வழியாகத் தெருவுக்குப் போயிருந்தது. கீழே சமையலறை மூலையில் கேன் கறுஞ்சிவப்பாக நுரைத்துக்கொண்டிருந்தது.

"மழை வராதுன்னுதான..." என்று ஆரம்பித்தார் டேரில்.

நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

குழுவில் 'விட்டுப்போச்சு' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எழுதத்தான் போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் அலர்மேல்மங்கையின் போட்டோ வந்து விழுந்தது. பாட்டில், லேபிள், மழைமானி, எல்லாம் பக்கா. கீழே, "இன்னிக்கு நான்தான் ஃபர்ஸ்ட்" என்று எழுதி, ஓர் அலாரம் கடிகாரம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

காவிரிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைக்க நான் என்ன முட்டாளா? அதில் உப்பு இருக்கும், குளோரின் இருக்கும். சோதித்துப் பார்த்தால் ஒரே நிமிஷத்தில் குட்டு உடைந்துவிடும். எங்கள் வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது. உப்பையெல்லாம் வடிகட்டித் தள்ளிவிடும். அந்தத் தண்ணீர் உப்புக் கணக்கில் மழைக்குச் சமம். இரண்டு லிட்டர் பிடித்து, குளோரின் வாசம் கொஞ்சமும் இருக்கக் கூடாது என்று ஒரு மணி நேரம் திறந்து வைத்தேன். பிறகும் மனசு ஆறவில்லை. ரொம்பச் சுத்தமாக இருந்தது. பாத்ரூம் ஜன்னலோரம் செத்துக் கிடந்த கொசு ஒன்றை எடுத்து உள்ளே போட்டேன். இப்போது மழை மாதிரியே இருந்தது. பத்தொன்பது என்று எண் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினேன். எழுபத்தொன்று என்ற அளவு உண்மை, தண்ணீர் மட்டும்தான் பொய் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நாலு இதயம் வந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து இன்னும் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. சுனிதா தம்ரூட் இனிப்பு டப்பாவோடு வாசலில் நின்றாள். முகமெல்லாம் பல்.

"மிஸ், உங்க பத்தொம்பதாவது பாட்டில்ல பெரிலியமே இல்ல!"

மழைத் தண்ணீர் என்றால் பெரிலியம் இருக்க வேண்டும். அதற்காகத்தானே மழையே பிடிக்கிறார்கள். அணையில் மாதக்கணக்கில் கிடந்து, படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, அதற்குமேல் ஆர்.ஓ.விலும் நுழைந்து வந்த தண்ணீரில் அது எங்கே இருக்கும்? உப்பை யோசித்தேன், குளோரினை யோசித்தேன், கொசுவைக் கூட யோசித்தேன். எதைத் தேடுகிறார்களோ அதை யோசிக்கவில்லை. என் மாணவி ஒருத்தி இப்படிச் சமைத்திருந்தால் வகுப்பு முழுக்கக் காட்டிச் சிரித்திருப்பேன்.

"ஒரு நாள் முழுக்க ஈயப் பெட்டிக்குள்ள வச்சு கதிர் எண்ணினேன் மிஸ். ஒண்ணுமே வரல. மெஷின் கெட்டுப்போச்சோன்னு மத்த பாட்டிலும் வச்சுப் பாத்தேன். அதுலெல்லாம் கதிர் சக்கத்தா, நல்லா வருது."

"உப்பு... கிப்பு எதுனா பாத்தியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பாக்காம இருப்பேனா? கொழாய்த் தண்ணியோன்னு சந்தேகம் வரும்ல. உப்பே இல்ல. சுத்தமான மழை. கொசு கூடக் கெடந்துச்சு."

அந்தப் பயத்துக்கு நடுவிலும், கொசு வேலை செய்திருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு குஷி வந்தது. இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் கூடச் சொல்லவில்லை.

சுனிதா தரையிலேயே உட்கார்ந்து படம் போட்டு விளக்கினாள். "மேல இருந்து எறங்குன மேகமில்ல மிஸ் அது. அல்சூர் ஏரித் தண்ணியும் நம்ம ஊர்ச் சூடும் சேந்து இங்கயே உண்டான மேகம். மேலயே போகாம, இங்கயே பொறந்து இங்கயே பேஞ்சிருக்கு. பேர் கூட வச்சிட்டேன். காக்ஸ் டவுன் மழை."

"அதே ராத்திரி மர்பி டவுன்ல?"

"அதான் பேஜாரு. அலர்மேல்மங்கை ஆன்ட்டி பாட்டில்ல நெறைய இருக்கு. அவங்கதான் வேற எதையோ கலந்து வச்சிருப்பாங்க. பாதி நாள் தூங்கிடறவங்கதான? அந்தப் பாட்டிலத் தள்ளிடப் போறேன்."

தம்ரூட் என் தொண்டையில் அடைத்துக்கொண்டது. டேரில் சமையலறையிலிருந்து தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். ஆர்.ஓ. தண்ணீர்.

இரண்டு வாரத்தில் ஆராய்ச்சிக் குழுவுக்கு முன்னால் அவள் பேச வேண்டும். அதில் தேறினால்தான் படிப்பு மேற்கொண்டு நடக்கும். தேறாவிட்டால் மூன்று வருடமும் தண்டம், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்தக் காக்ஸ் டவுன் மழையைத்தான் அங்கே முதலில் எடுத்து வைக்கப் போகிறாளாம். அவளுடைய வழிகாட்டி ஆதிகேசவன் சார் மட்டும் முழுசாக நம்பவில்லை. வருகிற சனிக்கிழமை அந்தப் பாட்டிலை இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அவள் போன பிறகு டேரில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சொல்லிடு சிந்தி," என்றார்.

"எப்படிச் சொல்றது? அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தீங்க இல்ல?"

"அப்ப பாட்டில மாத்திடு."

இந்த மனிதர் வாயிலிருந்து யோசனை என்று ஒன்று வருவதே அபூர்வம். வந்ததைத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. மறுபடி எண்ணுவதற்குள் நிஜ மழையை வைத்துவிட்டால் பெரிலியம் வரும். முதல் தடவை மெஷின் ஏதோ தப்பு செய்திருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். யாருக்கும் தலைகுனிவு இல்லை. அந்த ராத்திரிக்குப் பிறகு ஒரு சொட்டுக் கூட விழாமல் இருந்த வானம், கடவுள் புண்ணியத்தில் வியாழக்கிழமை நன்றாகப் பெய்தது. புதுசாக வாங்கிய கேனில் பிடித்தேன். ஆனால் பத்தொன்பதாம் பாட்டில் நாலு வாரத்துக்கு முந்தியது அல்லவா? இந்த நேரத்துக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு பெரிலியம்தான் மிச்சம் இருக்க வேண்டும். புது மழையை அப்படியே வைத்தால் கூடுதலாகக் காட்டும். அதனால் இரண்டு பங்கு மழைக்கு ஒரு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்தேன். நான் டீச்சராகப் போனது இந்த ஊருக்கு நல்லதுதான், வேறு தொழிலுக்குப் போயிருந்தால் என்னைப் பிடித்திருக்கவே முடியாது.

சனிக்கிழமை ஸ்கூட்டரில் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனோம். கைப்பைக்குள் ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் இரண்டு. திட்டம் இதுதான். டேரில் ஈயப் பெட்டியைக் காட்டச் சொல்லிச் சுனிதாவைப் பேச்சில் இழுக்க வேண்டும். அதற்குள் நான் அலமாரியில் இருக்கும் பத்தொன்பதாம் பாட்டிலைக் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, இதை ஊற்றிவிட வேண்டும்.

பாதி நடந்தது. டேரில் அன்றைக்குப் பார்த்து அருமையாக நடித்தார். ஈயப் பெட்டி எவ்வளவு கனம், எலி உள்ளே போனால் என்ன ஆகும், அதற்கும் முடி கொட்டுமா என்று வரிசையாகக் கேட்டார். சுனிதா சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். நான் அலமாரிப் பக்கமாக நகர்ந்து, கைப்பையிலிருந்து முதல் பாட்டிலை எடுத்தேன்.

"அய்யோ மிஸ், தண்ணி வச்சிருக்கீங்களா? காலையிலேர்ந்து ஒரு சொட்டு குடிக்கல, குடுங்க," என்று கையை நீட்டியபடி வந்துவிட்டாள் சுனிதா.

மாடியில் புறா உட்கார்ந்த புனல் வழியாக வந்த தண்ணீரை அந்தப் பெண் குடிப்பதா? பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"எச்சி! நான் வாய் வச்சிட்டேன்!"

"பரவால்ல மிஸ், உங்க எச்சிதான."

"எனக்கு ஜலதோஷம்," என்று சொல்லி, அவள் கை படுவதற்குள் மூடியைத் திறந்து மடமடவென்று குடிக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினால் மிச்சத்தைக் கேட்பாள். ஒரு லிட்டரையும் குடித்தேன். துருவும் தூசியும் புறாவுமாக ஒரு ருசி. டேரில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். என் கணக்கெல்லாம் வயிற்றுக்குள் போய்விட்டது.

"அவ்ளோ தாகமா மிஸ்?" என்றாள் சுனிதா. என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அலமாரியிலிருந்து பத்தொன்பதாம் பாட்டிலை எடுத்துத் துடைத்தாள். "இப்பத்தான் எண்ண வைக்கப் போறேன். நேத்து இதுக்காக சார்கிட்ட ஒரு சண்டையே போட்டேன் தெரியுமா?"

"எதுக்கு?"

"அந்த வாலண்டியர் எதுனா பண்ணியிருப்பாங்கன்னார் சார். மழை புடிக்க மறந்துட்டு வேற தண்ணிய ஊத்தியிருப்பாங்க, ஜனங்க அப்படித்தான்னு சொன்னார். எனக்குக் கோவம் வந்துருச்சு. யாரு பண்ணாலும் எங்க மிஸ் பண்ண மாட்டாங்க சார், அதுக்கு நான் கேரண்டின்னு சொல்லிட்டேன். அப்படி எதுனா இருந்தா என்ன வெளிய அனுப்பிடுங்கன்னும் சொல்லிட்டேன்."

பொய் சொல்லலாம், மழுப்பலாம், திருடக் கூடச் செய்யலாம். அதற்கெல்லாம் எனக்குத் தெம்பு இருந்தது. இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கத்தான் முடியவில்லை.

"சுனிதா, அது மழை இல்ல."

"என்னது மிஸ்?"

"அது எங்க வீட்டு ஆர்.ஓ. தண்ணி. கேன்ல இவர் ஒயின் போட்டுட்டார். நான் தண்ணி புடிச்சு எண் போட்டுக் குடுத்துட்டேன். இப்ப அத மாத்தத்தான் வந்தேன். இப்ப குடிச்சனே, அதுதான் மழை."

என்னிடமிருந்து சிரிப்பு வருமோ என்று எதிர்பார்த்தவள் போல அவள் உதடு லேசாக விரிந்தது. வரவில்லை.

"அதுல ஒரு கொசு இருந்துச்சே மிஸ்?"

"அதுவும் நான்தான்."

பாட்டிலை மேசை மேல் மெதுவாக வைத்தாள். டேரில் எதையோ சொல்ல வந்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"மீதிப் பதினெட்டு பாட்டில்?" என்று கேட்டாள்.

"சத்தியமா மழை. மாதா மேல ஆணை."

"பத்தொம்பதாவது குடுக்கும்போதும் மழைன்னுதான சொன்னீங்க."

அடித்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது. நனைந்து நனைந்து பிடித்த பதினெட்டு மழை. ஜுரத்தோடு ஒரு நாள், கால் சுளுக்கோடு ஒரு நாள்.

சுனிதா கம்ப்யூட்டரைத் திறந்து வரிசையாக எண்களைப் பார்த்தாள். என் மாடியையும் மர்பி டவுனையும் ஒன்றுக்கு நேராக ஒன்று வைத்துப் பார்த்தாள். விரல் பதினெட்டு இடத்தில் நின்று நின்று இறங்கியது. எனக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற ஆளுக்கு எதிரில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"எல்லாத்துலயும் பெரிலியம் இருக்கு. அலர்மேல்மங்கை ஆன்ட்டி தூங்காத நாளெல்லாம் அவங்க அளவோட ஒத்தும் வருது. இதெல்லாம் மழைதான்," என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க சொன்னதுக்காக நம்பல மிஸ். பெரிலியம் சொன்னதுக்காக நம்பறேன்."

எழுந்து சுடிதாரைச் சரிசெய்துகொண்டாள். "சார் ரூமுல இருக்கார். போய்ச் சொல்லிட்டு வரேன்."

"நானும் வரேன். நான் சொல்றேன்."

"வேணாம். நான்தான கேரண்டி குடுத்தேன்? நீங்க இங்கயே இருங்க."

சார் ரூம் கதவு மூடிக்கொண்டது. நானும் டேரிலும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளை வெளியே அனுப்பிவிடுவார்களோ? ஒரு கொசுவைப் போடத் தெரிந்த எனக்கு 'விட்டுப்போச்சு' என்று எழுதத் தெரியவில்லையே. அலர்மேல்மங்கைக்கு எவ்வளவு சுலபமாக வந்தது அது. உள்ளே ஆதிகேசவன் சாரின் குரல் உயர்ந்தது. வார்த்தை புரியவில்லை, கோபம் மட்டும் புரிந்தது. என்னால் உட்கார முடியவில்லை. டேரில் என் புடவையைப் பிடித்து இழுப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஆதிகேசவன் சார் ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். சுனிதா கையைக் கட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"வாங்க மேடம், நல்ல நேரத்துல வந்தீங்க," என்றார் அவர். "உங்க ஸ்டூடண்ட் பண்ண வேலையக் கேளுங்க. மெஷினச் சரிபாக்க லேப்ல சுத்தத் தண்ணி வச்சிருப்போம். அதுல உங்க லேபிள மாத்தி ஒட்டிட்டு, மழைன்னு எண்ணியிருக்கா. உங்க மேல ஒரு தப்பும் இல்லையாம், எல்லாம் தன்னோட கவனக் குறைவாம். மூணாவது வருஷத்துல லேபிள் ஒட்டத் தெரியலன்னா, கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது? ரெண்டு வாரத்துல இவள எப்படி மேடை ஏத்தறது?"

நான் சுனிதாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

என் பேச்சை நம்ப மாட்டேன் என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சொன்ன பெண். என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று மூன்று வருடப் படிப்பைத் தூக்கி அவர் மேசையில் வைத்துவிட்டு நிற்கிறாள். கண்ணில் நீர் முட்டியது. கூடவே அவளை நாலு அறை அறையலாம் போலவும் இருந்தது.

"அவ சொல்றது பொய் சார்," என்றேன். "லேபிள் சரியாத்தான் ஒட்டியிருக்கா. அது எங்க வீட்டுத் தண்ணி."

ஒன்று விடாமல் சொன்னேன். ஜாடி உடைந்தது, ஒயின், ஆர்.ஓ. மெஷின், இரண்டுக்கு ஒன்று கணக்கு, இப்போது என் வயிற்றில் இருக்கும் ஒரு லிட்டர் வரை. சுனிதா நடுவில் இரண்டு தடவை, "மிஸ், ப்ளீஸ்," என்றாள். நான் நிறுத்தவில்லை. ஆதிகேசவன் சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். மேசையில் இருந்த தாளை இழுத்து, பத்தொன்பதாம் வரியில் நீளமாக ஒரு கோடு போட்டார். அதோடு காக்ஸ் டவுன் மழை ஓய்ந்தது.

"அந்த மர்பி டவுன் பாட்டில தள்ளாத. அதுதான் அன்னிக்கு நிஜ மழை," என்று சுனிதாவிடம் சொன்னார். "மேடத்தோட பதினெட்டும் இருக்கட்டும். பேச்ச திருப்பி எழுது. ரெண்டு வாரம் போதும்."

அவளுக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான். கும்பிடு போட்டுவிட்டு இருவரும் கதவுப் பக்கம் திரும்பினோம்.

"சுனிதா, ஒரு நிமிஷம்," என்றார் அவர். "மூணு வருஷமா என்கிட்ட இருக்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல. இன்னிக்கு என் கண்ண நேராப் பாத்து, கொஞ்சம் கூட நடுங்காம, அந்த லேபிள் கதைய அவ்வளவு பக்காவா சொன்ன. நானும் நம்பிட்டேன். இத யார்கிட்டம்மா கத்துக்கிட்ட?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வகுப்பில் விடை தெரிந்த பெண்கள் தூக்குவார்களே, அப்படி நான் கையைத் தூக்கினேன்.